கழுத்தில் நிற்காத போர்வை

திசையன்விளை,
4.11.2025

தம்பி சிலுவைக்கு அக்கா டெல்பின் எழுதுவது.

நானும் என் முழங்கால் வலியும் மாதா தயவில் ஒற்றுமையாக இருக்கிறோம். நீயும் உன் மகன் ஜோஷுவாவும் அங்கே சுகமென்று நம்புகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை முடித்து வைப்பவன் நீயாக இருக்கிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தோடு இன்று மாலை பஸ்ஸில் உன் பெயருக்கு ஒரு அட்டைப்பெட்டியும் வருகிறது. அதற்குள் இருப்பது ஒரு போர்வை. கனடாவில் இருக்கும் என் மகள் ஜெர்லினுக்காகக் குரோஷா ஊசியில் நான் பின்னியது. அவளோடு அதே மருத்துவமனையில் நர்சாக இருக்கும் மேலப்பாளையத்துப் பெண் தஸ்லிமா விடுமுறைக்கு வந்திருக்கிறாள். இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை காலையில் உன் தச்சநல்லூர் வீட்டுக்கு வந்து பெட்டியை வாங்கிக்கொள்வாள். அன்று மாலை ரயில், மறுநாள் விமானம். நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பெட்டியை வாங்கி வைத்திருந்து அவள் கையில் கொடுப்பது.

ஜெர்லினுக்கு டிசம்பர் நடுவில் பேறுகாலம். இதற்கு முன்பு இரண்டு முறை கரு கலைந்தது. உனக்குத் தெரியாது. சொல்லும் நிலையிலா நாம் இருந்தோம்? அவள் பாக்கியசீலனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்ன அன்று, கடற்கரைக்கு வெளியே பெண் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை என்று என் வீட்டு நடுவில் நின்று முழங்கினாய். அதற்கு முந்தின வாரம்தான் வள்ளியூர் மேடையில் காதல் மணத்தை வாழ்த்தி இரண்டு மணி நேரம் பேசியிருந்தாய். உன் பேச்சைக் கேட்டு நானும் மகளோடு மூன்று வருடம் பேசாமல் இருந்தேன். அந்தக் குற்றத்தில் பாதி என்னுடையது. அதை விடு.

மறுபடி நாங்கள் பேசத் தொடங்கியது இந்தப் போர்வையால். போன ஜனவரியில் முதல் வரிசையைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பி, அடுத்து எந்த நிறம் வைக்கட்டும் என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்து "நீலம்" என்று ஒரு சொல் வந்தது. அது முதல் தினமும் எனக்குச் சாயங்காலம், அவளுக்கு விடிகாலை. இரவு வேலை முடிந்து வந்து போனில் உட்காருவாள். பேச எங்களுக்கு வேறு எதுவும் வரவில்லை. அதனால் கண்ணிகளை எண்ணினோம். அலைப்பின்னல் எண்ணாமல் வராது. ஏறுவதற்குப் பன்னிரண்டு கண்ணி. உச்சியில் ஒரே கண்ணிக்குள் மூன்று. இறங்குவதற்குப் பன்னிரண்டு. பள்ளத்தில் இரண்டைத் தாண்ட வேண்டும். தாண்ட மறந்தால் போர்வை விசிறியாக விரிந்துவிடும். உச்சியில் மூன்று போட மறந்தால் சுருங்கிவிடும்.

பெட்டியைத் திறக்காதே. அந்துருண்டை போடாதே. எடுத்து ஆணியில் மாட்டாதே. இந்தப் பின்னல் தன் பாரத்திலேயே தொங்கி நீண்டுபோகும். சனிக்கிழமை காலையில் ஊரில் இரு. அது போதும்.

அன்புள்ள அக்கா,
டெல்பின்


தச்சநல்லூர்,
17.11.2025

அலை தாலாட்டிய குடியின் மூத்தவரே, என் அன்புத் தமக்கையாரே!

நெல்லைச் சீமையில் வானம் வாய் மூடவில்லை. மணிமுத்தாற்று அணையைத் திறந்துவிட்டார்கள். பொருநை இரு கரையும் உரசிக்கொண்டு ஓடுகிறது. ஆயினும் நேற்று மாலை எங்கள் தச்சநல்லூர்த் திடலில் அதனினும் பெரியதொரு வெள்ளம் பெருகியது. அவ்வெள்ளத்தின் ஊற்றுக்கண் யார் தெரியுமா? நீங்கள்! ஆம், அக்கா, நீங்கள்!

வணிகர் சங்க ஆண்டுவிழா. வரவேற்புரை என்னுடையது. "சொல்வேங்கை ஆழிவேந்தன்" என்று என் மேடைப் பெயரில் நகரமெங்கும் சுவரொட்டி. நிகழ்ச்சி பாதி கடந்தபோது, அழைப்பிதழில் பெயரே இல்லாத நம் மாவட்டத்துப் பெருந்தலைவர், வழியில் கூட்டத்தைக் கண்டு மகிழுந்தை நிறுத்தி மேடையேறிவிட்டார். திடல் அதிர்ந்தது. நான் பின்னால் திரும்பிப் பொன்னாடை கேட்டேன். சங்கச் செயலாளர் முகம் வெளிறி நின்றார்.

"ஏலே, ஒண்ணு கூடவா மிச்சம் வைக்கல?"

"எல்லாம் போட்டாச்சு அண்ணாச்சி. மைக்கு செட்டுக்காரனுக்கும் போட்டுட்டாவ."

"சவத்துப் பயலுவளா! தலைவருக்கு என்னத்தலே போட? வெறுங்கையையா?"

அந்த நொடியில், அக்கா, என் நெஞ்சில் மின்னல் வெட்டியது. பேருந்து நிலையத்தில் வாங்கிய நாள் முதல் தங்கள் பெட்டி என் மகிழுந்தின் பின்னறையிலேயே இருந்தது. ஜோஷுவாவை ஓடவிட்டேன். ஒலிவாங்கியைப் பற்றினேன். "தலைவர் அவர்களே! தங்கள் தோளுக்கு ஆலைத் துணி எதற்கு? இதோ, நெய்தல் நிலத் தாயொருத்தி தன் பத்து விரலால் கடலையே பின்னி அனுப்பியிருக்கிறாள்! இந்த அலைகள் ஓய்வதில்லை! இந்த உழைப்பு தோற்பதில்லை!" என்று முழங்கிப் போர்வையை விரித்தேன். நீலமும் வெள்ளையும் விளக்கொளியில் புரண்டன. மக்கள் எழுந்து நின்றார்கள். தலைவரின் கண் கலங்கியதை முதல் வரிசையே பார்த்தது.

உங்கள் பெயரைச் சொல்லவில்லையே என்று எண்ணாதீர்கள். ஒரு தனிப் பெயர் அந்தப் பெருமையைத் தாங்காது. ஆகவே ஒரு நிலத்தின் தாயாக உங்களை உயர்த்தினேன்.

ஜெர்லினுக்கு வேறொன்று பின்னிவிடுங்கள். கை இருக்கிறது, நூல் இருக்கிறது. தஸ்லிமாவிடம் நல்ல அல்வா இரண்டு பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன்.

பெருமிதம் பொங்க,
தங்கள் தம்பி
ஆழிவேந்தன்


திசையன்விளை,
19.11.2025

சிலுவை,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்துபோய் வாய் கொப்பளித்தேன். அழுகின மீனை வாயில் வைத்துவிட்டவள் போல இருந்தது.

தபாலில் போட்டால் சனிக்கிழமைக்குள் சேராது என்று இதைப் பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் போர்வையைத் திரும்ப வாங்கு. சனிக்கிழமை காலைக்குள் தஸ்லிமா கையில் அது இருக்க வேண்டும். போர்த்தியதை எப்படிக் கேட்பது என்று கூச்சமாக இருந்தால் கூச்சப்படு. கூச்சப்பட்டுக்கொண்டே கேள்.

கை இருக்கிறது, நூல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாது, சொல்கிறேன். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வரிசை. பத்து மாதம். நாற்பத்தொன்றாவது வரிசையில், பள்ளத்தில் இரண்டைத் தாண்டு என்று நான் சொன்னபோது, "அம்மா, நானும் ரெண்டத் தாண்டித்தான் உக்காந்திருக்கேன்" என்றாள். கரு கலைந்த செய்தி எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அன்று மேலே பின்ன முடியவில்லை. அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. போன் அப்படியே மேசையில் கிடந்தது.

தொண்ணூற்றேழாவது வரிசையில் அவள் பாக்கியசீலனிடம் போனைக் கொடுத்தாள். என் மருமகன் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என்ன பேசுவது என்று தெரியாமல், "எண்ணுங்க அத்தை, நானும் எண்ணுதேன்" என்றான். அந்த வரிசையில் ஒரு ஏற்றத்துக்குப் பதிமூன்று விழுந்துவிட்டது. பிரித்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்று மூன்று பேரும் சொன்னோம். நூற்று அறுபதாவது வரிசையில் பிள்ளை முதல் முறை அசைந்தது. "அம்மா, நிறுத்து நிறுத்து" என்று கத்தினாள். ஊசியைக் கையில் பிடித்தபடி நானும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

இதைத்தான் மைக்செட்காரனுக்குத் துண்டு போட்டுத் தீர்ந்துபோன கூட்டத்தில் இட்டு நிரப்பினாய்.

பன்னிரண்டு நாளும் அது காரின் டிக்கியிலா கிடந்தது? வீட்டுக்குள் எடுத்து வைக்க உனக்குக் கை வரவில்லை. மேடைக்கு எடுத்துவர மட்டும் கை வந்தது. நெய்தல் நிலத் தாயாம். அவள் யார்? அவளை எனக்குத் தெரியாது. நான் செபஸ்தியான் மகள் டெல்பின். உன் அக்கா. எனக்குப் பெயர் இருக்கிறது. அது மைக்கில் சொல்ல முடியாத அளவுக்குச் சின்னது என்று இன்று தெரிந்துகொண்டேன்.

அல்வாவை நீயே தின்னு.

டெல்பின்


தச்சநல்லூர்,
25.11.2025

அன்புள்ள அக்கா,

இந்த மடலை எழுதக் கை கூசுகிறது. ஆயினும் ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வியாழனன்றே உங்கள் கடிதம் கிடைத்தது. அன்றே தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் இருந்தார். அருகில் அமரச் சொன்னார். தேநீர் வந்தது. மழையைப் பற்றிப் பேசினோம், அணையைப் பற்றிப் பேசினோம். பத்தாயிரம் பேர் நடுவே ஒருகாலும் நடுங்காத என் நாக்கு, ஒரு போர்வையைத் திருப்பிக் கேட்க எழவில்லை. நலம் கேட்க வந்ததாகச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். வெள்ளியன்று போகவே இல்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தஸ்லிமா வந்துவிட்டாள். நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு, "மாமா, அந்தப் பெட்டிய எடுத்தாங்க. ஜெர்லின் அக்கா அதுக்குன்னே என் சாமான்ல பாதியக் குறைக்கச் சொல்லிட்டாவ" என்றாள். ஒரு பெரிய பையைக் காலியாகவே தூக்கி வந்திருந்தாள். நான் அல்வாப் பொட்டலத்தை நீட்டினேன். அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அல்வா நான் வாங்கிட்டேன் மாமா" என்றாள். காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாள். அந்தப் பை மடிந்த ஓசை இப்போதும் கேட்கிறது.

அன்று நண்பகலே மறுபடி போனேன். தலைவரிடம் அல்ல, அவருடைய உதவியாளரிடம் கேட்டேன். "சால்வையெல்லாம் பொறத்தால கொட்டாயில கெடக்கும் அண்ணாச்சி, போய்ப் பாருங்க" என்று ஒரு திறவுகோலைக் கொடுத்தான்.

அக்கா, அந்தக் கொட்டகையை நான் பார்த்திருக்க வேண்டாம். இடுப்பளவுக்குப் பொன்னாடைகள். பட்டு, பருத்தி, சரிகை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் புரண்டு கிடந்தன. காய்ந்த சந்தனமும் அழுகிய மாலை இதழும் அடுத்தவர் கழுத்து வியர்வையும் மழை ஈரத்தில் ஊறி ஒரே நாற்றமாக எழுந்தது. ஒன்றை இழுத்தேன், எலிக்குஞ்சுகள் உதிர்ந்தன. இதைத் தோளில் ஏந்தத்தானா நாங்கள் தொண்டை கிழியக் கத்துகிறோம்? இதற்காகத்தானா ஒருவரையொருவர் இமயமே, சிகரமே என்று பாடுகிறோம்? வாசலுக்கு ஓடிவந்து வாந்தியெடுத்தேன். காவலாளி தண்ணீர் கொடுத்தான்.

உங்கள் போர்வை அங்கே இல்லை. முந்தின நாள், வெள்ளியன்றுதான் மூட்டையோடு கடைக்குப் போனதாம். விழா நடத்துவோருக்குப் பொன்னாடை விற்கும் காஜா முகைதீன் கடை. ஞாயிறு காலையில் அங்கே போய் நின்றேன்.

"நீலமும் வெள்ளையுமா, அலை அலையா, அதுவா அண்ணாச்சி? நல்ல சாமான். ஆனா அகலம் கூடிப்போச்சு பாத்துக்கிடுங்க. கழுத்துல நிக்காது. ரெண்டாக்கினாத்தான் தோளுக்கு அமையும்."

"ரெண்டாக் கிழிச்சிட்டீரா வே?"

"கத்திரிச்சேன். ஓரமெல்லாம் பிரிஞ்சு பிரிஞ்சு வந்துச்சு. விடுவமா? சரிகை வச்சு மிசின்ல அடிச்சிட்டேம்லா!"

"அது என் அக்கா பின்னுனது வே."

அவர் கணக்கெழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். "அக்கா பின்னுனத எதுக்கு அண்ணாச்சி அடுத்தவன் கழுத்துல போட்டீய?" என்றார்.

நாற்பது ஆண்டு எதிர்வழக்காடியவன், அக்கா. மேசையில் கிடந்த சரிகைத் துண்டை எடுத்து மடித்துக்கொண்டு நின்றேன். அவரே பாவப்பட்டு ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "மனசு விடாதீய. இந்தத் தொழில் இப்பிடித்தான். உங்க வீட்டுச் சால்வையும் நம்மட்டத்தான வருது. தம்பி ஜோஷுவா மாசம் ஒரு மூட்டை கொண்டாந்து போடுதாவளே" என்றார். எனக்கு அன்றுதான் தெரியும். என்மேல் ஒரு மாலையில் விழுந்த பொன்னாடையே மறு மாலை வேறொருவன்மேல் விழுந்து, திங்கள் கழித்து மீண்டும் என்மேல் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் கைகூப்பிக் கண் கலங்கியிருக்கிறேன்.

ஒரு பாதி கடையிலேயே இருந்தது. அதைத்தான் இத்துடன் அனுப்புகிறேன். மறு பாதி மணிமுத்தாற்றுப் பக்கம் ஒரு பாலத் திறப்பு விழாவுக்குப் போயிருந்தது. நேற்று அங்கும் சென்றேன். போர்த்தப்பட்டவர் அதை ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டார். ஓட்டுநர் சேறு படிந்த சக்கரத்தை அதனால் துடைத்துக்கொண்டிருந்தான். "நல்லாத் தொடைக்கி அண்ணாச்சி" என்றான். அதை உங்களுக்கு அனுப்பும் துணிவு எனக்கில்லை.

என்னை என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன்.

தம்பி
சிலுவை


திசையன்விளை,
1.12.2025

தம்பி சிலுவைக்கு,

பாதி வந்து சேர்ந்தது. உறையைப் பிரித்ததும் எழுந்த நாற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரி, "என்ன மைனி, கருவாடா?" என்று கேட்டாள். எத்தனை பேர் கழுத்தோ. கிணற்றடியில் மூன்று முறை அலசினேன். சந்தனக் கறை போகவில்லை.

துணியைக் கத்தரிப்பது போலக் கத்தரித்திருக்கிறார்கள். வரிசைகள் குறுக்கே ஓடுகின்றன. கத்தரி நெடுக ஓடியிருக்கிறது. ஆக இருநூற்றுப் பன்னிரண்டு வரிசையும் ஒவ்வொன்றாக அறுந்திருக்கிறது. ஒரு வரிசைகூடத் தப்பவில்லை. அறுந்த வாய்களை அந்தச் சரிகைதான் பிடித்து வைத்திருக்கிறது. பகட்டுக்குத் தைத்த அந்தப் பொன் நாடாவைக் கையால் தொடவே எனக்கு அருவருப்பு. ஆனால் அதைப் பிரித்தால் அத்தனையும் அவிழும். இப்படி ஒரு நிலையை வேண்டுமென்று திட்டமிட்டால்கூட ஒருவரால் செய்ய முடியாது. நீ திட்டமிடாமலே செய்தாய்.

ஜெர்லினிடம் சொல்லிவிட்டேன். பையில் இடம் விட்டு அனுப்பிய தோழி வெறுங்கையோடு வந்து நின்றபோது அவளுக்கு எட்டரை மாதம். கத்தவில்லை. "மாமா தெரியாமச் செஞ்சாவளா, தெரிஞ்சா?" என்று கேட்டாள். நான் உனக்கு எழுதிய முதல் கடிதத்தில் யாருக்கு, எதற்கு என்று எழுதியிருந்தேன். ஆகவே, தெரிந்து என்று சொன்னேன். அதற்கும் அவள் சொன்னதைக் கேள்: "பிள்ளைக்குத் தாய்மாமன் முறைக்கு எனக்கு அண்ணன் தம்பி இல்ல. என் மாமா ஒருத்தர்தான இருக்காவ. ஒரு வார்த்தை நேரா ஒத்துக்கிட்டாவன்னா, பிள்ளைய அவங்களுக்குத்தான் முதல்ல காட்டுவேன்."

என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். இதைச் செய். எனக்கு எழுதும் வருத்தம் எனக்கு வேண்டாம்; அது நன்றாக எழுதப்பட்டிருக்கிறது, அதனாலேயே வேண்டாம். வாந்தியெடுத்ததைக்கூட அழகாக எழுதியிருக்கிறாய். மேடையில் எடுத்ததை மேடையிலேயே திருப்பி வை. அதே திடல். இரண்டே வாக்கியம் தருகிறேன்: "அன்று நான் போர்த்திய போர்வை என்னுடையது அல்ல. என் அக்கா டெல்பின் தன் மகளுக்குப் பின்னியதை, கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன்."

அவ்வளவுதான். மூன்றாவது வாக்கியம் சேர்க்காதே. சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடு. நீ உட்கார்ந்தாய் என்று தெரிந்தால் எனக்குப் போதும். பிள்ளை பிறந்ததும் நானே உன் பக்கத்தில் அமர்ந்து போனில் காட்டுகிறேன்.

அன்புள்ள அக்கா,
டெல்பின்


தச்சநல்லூர்,
15.12.2025

என் உயிரினும் மேலான அக்கா,

செய்துவிட்டேன். நேற்று ஞாயிறு மாலை, அதே திடல், அதே தலைவர் முன்னிலையில் செய்துவிட்டேன்.

ஒலிவாங்கியின் முன் நின்று நீங்கள் எழுதியனுப்பிய இரண்டு வாக்கியங்களையும் சொன்னேன். ஒரு சொல் மாற்றவில்லை. உங்கள் பெயரைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் திடல் ஊமையானது. தலைவர் தரையைப் பார்த்தார். செயலாளர் என் பின்னால் நின்று, "என்ன அண்ணாச்சி இப்பிடிச் சொல்லிப்புட்டீய" என்று முணுமுணுத்தார். நான் உட்காரத்தான் திரும்பினேன், அக்கா. நாற்காலியைப் பின்னால் இழுத்தும்விட்டேன்.

அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. கையொலி கேட்டுப் பழகிய காதுகள் இவை. நாற்பது ஆண்டில் என் வாக்கியத்துக்குப் பின்னால் அப்படியொரு வெறுமை வந்ததில்லை. அது என்னைத் தின்றது. மூன்றாவது வாக்கியம் தானாக வந்தது. "நான் கள்வன்!" என்றேன். பிறகு நான்காவது. பிறகு எண்ணவில்லை. பொன்னாடையின் பொய்யைக் கிழித்தேன். கொட்டகையின் நாற்றத்தை அவர்கள் மூக்கில் வைத்தேன். எலிக்குஞ்சுகளைச் சொன்னேன். காலிப் பையை மடித்துக்கொண்டு போன பெண்ணைச் சொன்னேன். நாற்பத்தொன்றாவது வரிசையைச் சொன்னேன்; சொல்லும்போது அழுதேன். அது நடிப்பன்று, மெய்யான கண்ணீர். மகளிர் பகுதியில் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. நான் நிறுத்தியபோது எழுந்த கையொலி ஒன்றரை மணித்துளி ஓயவில்லை.

அதன்பின் நடந்ததுதான் அருவருப்பின் உச்சம். தலைவர் எழுந்து வந்தார். தம் தோளில் கிடந்த பொன்னாடையை உருவி, "இப்பிடி உண்மையைச் சொல்லுததுக்கு ஒரு நெஞ்சு வேணும் வே!" என்று என் கழுத்தில் போட்டார். நான் தடுக்கவில்லை. கை தானாகக் குவிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அதைக் கழற்றி மூலையில் எறிந்தேன். என் கழுத்தே எனக்கு நாறுகிறது. நான் எதைத் துப்பினாலும் இந்த ஊர் அதைத் தட்டில் ஏந்தித் திருநீறாகப் பூசிக்கொள்கிறது என்றால், நான் எங்கே போய்த் துப்புவேன்?

ஆயினும் சொல்லிவிட்டேன். உங்கள் பெயர் ஒலித்தது. இன்று காலையில் நால்வர் என்னை நிறுத்தி உங்களைப் பற்றிக் கேட்டார்கள். கடமை முடிந்தது என்னும் அமைதியோடு கேட்கிறேன்: பிள்ளை பிறந்ததா? ஆணா, பெண்ணா? என்ன பெயர்? தாய்க்குத் தாய்மாமன் என்னும் உரிமையோடு காத்திருக்கிறேன்.

தம்பி
சிலுவை


திசையன்விளை,
22.12.2025

தம்பி சிலுவைக்கு,

நீ அந்தத் திடலில் நின்ற ஞாயிறன்று விடிகாலையிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் சேயும் சுகம். தஸ்லிமாதான் பிரசவ அறையில் உடன் இருந்தாள்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் உனக்காக வருத்தப்பட்டேன். அந்த அமைதியை உன்னால் தாங்க முடியாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது முறை படித்தபோது ஒன்றைக் கவனித்தேன். கை தட்டினார்கள் என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு நேரம் தட்டினார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். அழுதுகொண்டே அளந்திருக்கிறாய்.

போர்வையை ஒரு முறை கொடுத்தாய். அது நூல், போனது போகட்டும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்றாவது வரிசை என் மகள் என்னிடம் மட்டும் சொன்னது. அவள் வயிற்றில் நடந்ததை நான் உனக்கு எழுதியது, நீ எதை எடுத்துக் கொடுத்தாய் என்று உனக்குத் தெரியட்டும் என்பதற்காக. அதையும் எடுத்து விரித்துக் காட்டிவிட்டாய். இப்போது தச்சநல்லூரில் யார் யாரோ அவளுக்காக அழுகிறார்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஒருத்தி என் கையைப் பிடித்து, "ரெண்டு போச்சாமே அக்கா, கேட்டேன்" என்றாள். கையை உருவிக்கொண்டு வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன்.

பாதிப் போர்வையின் சரிகையைப் பிரித்துவிட்டேன். எல்லாம் அவிழ்ந்தது. துண்டு துண்டு நூல்கள், ஒரு முழம், இரண்டு முழம். ஒன்றோடொன்று முடிந்து பிள்ளைக்கு ஒரு சின்ன விரிப்பாகப் பின்னிக்கொண்டிருக்கிறேன். அதே அலைதான். முடிச்சில்லாத கண்ணியே இல்லை. முடிச்சு ஊசியில் சிக்கும் இடமெல்லாம் எண்ணிக்கை தப்பும். ஜெர்லின் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு போனில் திருத்துகிறாள். தஸ்லிமா அடுத்த முறை வரும்போது நானே மேலப்பாளையம் போய் அவள் கையில் கொடுப்பேன்.

ஆணா, பெண்ணா என்று கேட்டிருக்கிறாய். என்ன பெயர் என்று கேட்டிருக்கிறாய். ஜெர்லினிடம் கேட்டேன். "நீயே முடிவு பண்ணும்மா" என்றாள். முடிவு செய்துவிட்டேன்.

பெயர் வைத்தாகிவிட்டது. நல்ல பெயர். இப்போதைக்கு நாலு பேருக்குத்தான் தெரியும். நால்வரும் அதை மெல்லத்தான் சொல்கிறோம். உனக்கு எழுத மாட்டேன். எழுதினால் ஞாயிற்றுக்கிழமை அது உன் மைக்கில் கேட்கும்.

டெல்பின்